மூணாவது பிஸ்டன்

போன ஐப்பசியில் 11 நாட்கள் நாங்கள் நான்கு பேர் ஒரு பிஸ்டனோடு மல்லுக்கட்டினோம். கார் அம்பாசிடர், 1987 மாடல், மார்க் 4, பெட்ரோல் வண்டி. மூன்று மழைக்காலம் வேப்ப மரத்தடியில் நின்றதில் எஞ்சின் இறுகிப்போயிருந்தது. சமூகப் பணி செய்கிறவர்களுக்கு இதில் என்ன வேலை என்று எங்கள் அலுவலகக் கணக்கைப் பார்க்கும் தோழரே கேட்டார். களப்பணி என்றால் என்ன என்று எங்களிடம் கேட்டு எழுதும் மாணவத் தோழர்களுக்கும் அந்தக் கேள்வி வரும். அதனால் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சுடுகாட்டுக்குப் போகும் பாதையில் பிணத்தை மறித்ததில் தொடங்கிய ஒரு வழக்கு. வீடு புகுந்து அடித்தது வரை போனது. வன்கொடுமை தடுப்புச் சட்டத்தின்படி, குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து இயன்றவரை 2 மாதத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். இந்த வழக்குக்கு இது நான்காவது ஆண்டு. சாட்சிகள் நான்கு பேர்: இரண்டு பெண்கள், ஒரு பெரியவர், கல்லூரியில் படிக்கும் ஒரு பையன். ஊரிலிருந்து நீதிமன்றம் 40 கிலோமீட்டர் சொச்சம். காலையில் ஒரே பேருந்து. சாட்சிகள் ஏறுவதும் அதில்தான், ஜாமீனில் இருக்கும் எதிரிகள் ஏறுவதும் அதில்தான்.

போன வாய்தாவுக்கு அந்தப் பேருந்தில் யாரும் யாரையும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, சேரியில் யார் வீட்டு ஆடு எந்த வரப்பில் மேய்கிறது, யார் வீட்டுப் பெண் எத்தனை மணிக்கு டியூஷன் முடிந்து வருகிறாள் என்று 40 கிலோமீட்டரும் பேசிக்கொண்டே வந்தார்கள். அவ்வளவுதான். அன்றைக்கு வீடு திரும்பியதும் அந்த அக்கா எங்களிடம் சொன்னார்: "அடுத்த தபா நான் வரல. என்னைக் கேக்காதீங்க."

வேன் பிடித்துப் பார்த்தோம். பக்கத்து ஊர்களில் இரண்டு வேன்காரர்கள் ஒத்துக்கொண்டு, முந்தின இரவு போன் செய்து வண்டி பழுது என்றார்கள். இரண்டு பேருக்கும் ஒரே இரவில் பழுது. டவுனிலிருந்து கார் எடுத்தால் வாடகையும் டிரைவர் பேட்டாவும் சேர்ந்து, எங்கள் மாலைப் பள்ளிக்கூடத்தின் இரண்டு வாரச் செலவு. வாய்தாவோ ஒன்றோடு நிற்பதில்லை.

1995ஆம் ஆண்டு விதிகளில் 11ஆவது விதி என்று ஒன்று இருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கும் சாட்சிகளுக்கும் விசாரணைக்கு வந்துபோகும் செலவும் படியும் தரப்பட வேண்டும். பெண் சாட்சியும் 60 வயது கடந்தவரும் துணைக்குத் தாங்கள் விரும்பும் ஒருவரை அழைத்து வரலாம், அவருடைய செலவும் இதில் சேரும். 2015 திருத்தத்தில் வந்த 15ஏ பிரிவு, சாட்சியின் பாதுகாப்பையும் பயணச் செலவையும் சிறப்பு நீதிமன்றத்தின் பொறுப்பு ஆக்கியது. இதையெல்லாம் மனப்பாடம் செய்து வையுங்கள், மனு எழுதும்போது எண்ணைச் சொல்லி எழுதுங்கள். நாங்களும் எழுதினோம். பணம் வருகிறபோது வரும். ஆனால் பணம் கையில் இருந்தாலும் வண்டிக்காரன் வரவில்லை என்றால் என்ன செய்வது என்பதற்கு எங்களிடம் பதில் இல்லை.

அப்போதுதான் வாத்தியார் கார் நினைவுக்கு வந்தது.

அந்த வட்டாரத்துச் சேரிகளில் முதன்முதலில் கார் வாங்கியவர் ஓய்வுபெற்ற ஒரு தலைமை ஆசிரியர். வருங்கால வைப்பு நிதியில் கொஞ்சம் எடுத்து, ஒரு அரிசி மில்காரரிடமிருந்து பழைய வண்டியாக வாங்கினார். ஊர்த் தெரு வழியாகத்தான் சேரிக்குப் பாதை. பெட்ரோல் விற்கிற விலைக்கு இவனுக்கு எதுக்குக் கார் என்று ஊரில் பேசினார்கள். வாத்தியார் ஞாயிற்றுக்கிழமை தோறும் வேலை இருக்கிறதோ இல்லையோ வண்டியை எடுத்து, ஊர்த் தெருவின் முனையில் ஒரு தடவை, மாரியம்மன் கோயில் வாசலில் ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போய் வருவாராம். பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் அந்த வண்டிதான் ஓடியது. அவர் இறந்த பிறகு எடுக்க ஆளில்லை. மகன் சென்னையில் இருக்கிறார்.

வாத்தியார் வீட்டு ஆயா சாவியைக் கொடுத்தார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். "ஓடலன்னா கொண்டாந்து இதே மரத்தடியில நிறுத்திடணும் கண்ணு. காயலான் கடைக்குப் போவக் கூடாது."

எங்களில் மூவர் முதுகலை படித்தவர்கள். எஞ்சின் ஏன் சுற்றவில்லை என்பதற்கு யூடியூப் இருக்கிறது என்ற தைரியம். முதல் இரண்டு நாளில் செய்த முட்டாள்தனங்களைச் சொல்லிவிடுகிறோம், உங்களுக்கு உதவும். புது பேட்டரி வாங்கிப் போட்டு சாவியைத் திருப்பினோம். 'டக்' என்று ஒரு சத்தம், அத்தோடு சரி. ஹேண்டில் போட்டுச் சுற்றப் பார்த்தோம், அசையவில்லை. ஹேண்டிலில் நாலடி இரும்புக் குழாயைச் செருகி இரண்டு பேர் தொங்கினோம். ஹேண்டிலின் குறுக்குப் பின் வளைந்தது. பிளக்கைக் கழற்றப் பார்த்ததில் இரண்டாவது பிளக்கின் பீங்கான் உடைந்து, அடிப்பாகம் உள்ளேயே நின்றுவிட்டது. கடைசியாக ஒரு டிராக்டரில் கயிறு கட்டி, கியரில் போட்டு இழுத்தோம். பின் சக்கரங்கள் சுற்றாமல் மண்ணில் கோடு போட்டுக்கொண்டே வந்தன. கூடியிருந்த பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு.

மேஸ்திரியைப் பற்றிச் சொன்னவர் ஆயாதான். வாத்தியார் இருந்தவரை இந்த வண்டியைப் பார்த்தவர் அவர். டவுனுக்கு வெளியே புறவழிச்சாலை ஓரத்தில் கீற்றுக் கொட்டகை. அறுபதை ஒட்டிய வயது. வந்தார், மண்ணில் டயர் போட்ட கோட்டைப் பார்த்தார்.

"டிராக்டர்ல இழுத்தீங்களா?"

"ஆமா மேஸ்திரி."

"எம்.ஏ. படிச்சவங்கதானே நீங்க?"

பிஸ்டன் பிடித்துக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்து முரட்டுத்தனமாகச் சுற்றினால், பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் ராடு வளைந்துவிடும். ராடு வளைந்தால் எஞ்சின் போயிற்று. எங்கள் நல்ல நேரம், டயர்தான் வழுக்கியது.

அவர் முதலில் எஞ்சினைத் தொடவேயில்லை. பழைய வண்டியில் செல்ஃப் மோட்டாரின் பல் ஃபிளைவீல் பல்லில் மாட்டிக்கொண்டாலும் எஞ்சின் இதேபோல நின்றுவிடும் என்று செல்ஃபைக் கழற்றி வைத்தார். பிறகு ஃபேன் பெல்ட்டை எடுத்தார். டைனமோவோ வாட்டர் பம்ப்போ இறுகியிருக்கலாம். இரண்டையும் கையால் சுற்றிப் பார்த்தார், சுற்றின. "இப்ப சொல்லலாம், எஞ்சின்தான் பிடிச்சிருக்கு." ஏர் கிளீனர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. யாரோ கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். பானெட்டும் சரியாக மூடவில்லை. மழைத் தண்ணீர் கார்புரேட்டர் வழியாக இறங்கி, எந்த சிலிண்டரின் வால்வு திறந்து நின்றதோ அதற்குள் போயிருக்கும் என்றார்.

பிளக்குகளை எடுக்கும் முன் அவற்றின் அடியில் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊற வைத்தார். உடைந்த பிளக்கும் மறுநாள் முனகிக்கொண்டு வந்தது. மண்ணெண்ணெயும் பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றுகிற சிவப்பு ஏ.டி.எஃப். ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து, நான்கு பிளக் ஓட்டையிலும் டீ கிளாஸில் அரைக் கிளாஸ் ஊற்றினார். துணியால் அடைத்தார். "மூணு நாள் கழிச்சு வரேன்" என்று கிளம்பிவிட்டார்.

எங்களுக்கோ நாள் எண்ணிக்கை. இன்னும் சூடாக ஏதாவது செய்ய முடியாதா என்று போனில் கேட்டோம். "உள்ள எண்ணெய் வேலை பாக்குது. நீங்க உங்க வேலையப் பாருங்க."

மூன்றாம் நாள் வந்து ஒவ்வொரு ஓட்டையிலும் ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்தார். ஒன்று, இரண்டு, நான்கில் எண்ணெய் ரிங் இடுக்கு வழியாகக் கீழே இறங்கிவிட்டது. மூன்றாவதில் ஊற்றினது ஊற்றினபடி நின்றது. துரு இடுக்கை அடைத்திருக்கிறது. "மூணாவதுதான் திருடன்" என்றார். ஒரு ஈர்க்குச்சி. எங்களுக்குப் பிடித்துப்போனது அதுதான்.

பிறகு வண்டியை டாப் கியரில் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டச் சொன்னார். எங்கள் பையன் ஒருவன், பாரம் இழுக்க முதல் கியர்தானே போடுவார்கள், அதில்தானே வலு அதிகம் என்று கேட்டான். மேஸ்திரிக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். எஞ்சின் சக்கரத்தைத் தள்ளும்போது முதல் கியரில் வலு. இங்கே நடப்பது தலைகீழ், சக்கரம் எஞ்சினைத் தள்ளுகிறது. முதல் கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் பல சுற்று சுற்றியாக வேண்டும், நம் பலம் அதிலேயே கரைந்துவிடும். டாப்பில் அவ்வளவு சுற்ற வேண்டியதில்லை, தள்ளுகிற பலம் நேராகப் போய்ச் சேரும். "சைக்கிள்ல கியரு பாத்திருக்கியா? அதான்."

அரை மணி ஆட்டினோம். புல்லியில் சாக்பீஸ் கோடு போட்டுப் பார்த்தார். நூலிழை கூட நகரவில்லை. "அப்ப ஹெட்டைத் தூக்கணும்."

எங்கள் முதுகலை ஆய்வேட்டுக்காக ஒரு கிராமத்தில் 'தொழில் மாற்றம்' பற்றிக் கேள்வித்தாள் போட்டோம். தகப்பன் தொழில், மகன் தொழில், அட்டவணை. அதில் மெக்கானிக்குகளை 'அரைத்திறன் தொழிலாளர்' என்ற கட்டத்தில் போட்டோம். கையேட்டில் அப்படித்தான் இருந்தது. இப்போது யோசித்தால், கையால் செய்கிற வேலை என்றாலே பாதித் திறன்தான் என்று தீர்மானித்தது யாருடைய புத்தி? மனுவைத் திட்டி முழக்கம் போட்டுவிட்டு, அவன் போட்ட கட்டத்துக்குள்ளேயே பேனாவால் டிக் அடித்திருக்கிறோம்.

ஹெட் கழற்றிய நாள்தான் மேஸ்திரி கொஞ்சம் பேசினார். அவருடைய அப்பா படியாள். நெல்லுக்கு உழைத்தவர். மேஸ்திரி 12 வயதில் மாடு மேய்ப்பதை விட்டுவிட்டு டவுனில் ஒரு ஷெட்டுக்கு ஓடிப்போனார். பார்ட்ஸ் கழுவுகிற வேலை. கிரீஸ் பூசியபின் எல்லாரும் ஒரே நிறம், ஒரு மாதம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு ஊர்க்காரர் ஒருவர் வண்டி விட வந்தார், தெரிந்துபோயிற்று. முதலாளி விரட்டவில்லை. வேலை சுத்தம் என்பதால் வைத்துக்கொண்டார். ஆனால் ஒரு விதி வந்தது.

"வண்டிக்கு அடியில படுத்துக்கலாம். உள்ள சீட்டுல உக்காரக் கூடாது."

ஒன்பது வருடம். எஞ்சினை இறக்கி ஏற்றுவது அவர். ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பது இன்னொரு பையன். அவர் வெளியே நின்று சத்தம் கேட்பார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். எந்த வால்வு அடிக்கிறது, எந்த பேரிங் பேசுகிறது என்று அப்படித்தான் பழகியதாம். எங்களில் ஒருவர் உருகிப்போய், "அதனாலதான் மேஸ்திரி உங்களுக்கு இப்படி ஒரு காது" என்றார்.

மேஸ்திரி ஸ்பேனரைக் கீழே வைத்தார். "காதைப் பாராட்டாத தம்பி. உள்ள உக்கார விட்டிருந்தா இருவது வயசுல லைசென்ஸ் எடுத்திருப்பேன். அரசு பஸ் டிரைவராப் போயிருப்பேன். இப்ப பென்ஷன் வாங்கிட்டிருப்பேன்."

நாங்கள் அதன்பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை. ஒடுக்கப்பட்டவனின் உழைப்பு அறிவு என்று கட்டுரைகளில் எழுதுகிறோமே, எழுதத்தான் வேண்டும், ஆனால் அந்த அறிவு என்ன விலையில் வந்தது என்று அவரிடம் கேட்காமல் எழுதிவிடக் கூடாது. குலத்தொழில் புகழ் பாடுகிறவர்களும் இதே வாக்கியத்தில்தான் தொடங்குகிறார்கள். மேஸ்திரிக்கு இது குலத்தொழிலும் இல்லை. குலத்தொழிலிலிருந்து தப்பித்து ஓடி வந்து பிடித்த தொழில்.

ஹெட் நட்டுகளில் ஒன்று துருவில் ஸ்டட்டோடு ஒன்றாகிவிட்டது. இங்கே அவசரப்பட்டால் ஸ்டட் முறியும், முறிந்தால் துளை போட்டு எடுப்பதற்குள் வாய்தா தேதி போய்விடும். மேஸ்திரி கேஸ் வெல்டிங் சிலிண்டரை வரவழைத்தார். முதல் வேலையாக மண்ணெண்ணெய் டப்பாவையும் எண்ணெய்த் துணிகளையும் இருபதடி தள்ளி வைக்கச் சொன்னார், பக்கத்தில் ஒரு வாளி மணல். நட்டை மட்டும் சூடு காட்டினார். இரும்பு சூட்டில் விரியும், நட்டு ஒரு மயிரிழை பெரிதாகும். அந்தச் சூட்டில் ஒரு மெழுகுவத்தியைத் தொட்டார். மெழுகு உருகி மரைக்குள் உறிஞ்சிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தோம். ஆறவிட்டு, ஸ்பேனரை எங்களில் ஒருவரிடம் கொடுத்தார். அவர் கழற்றுகிற பக்கம் திருப்பப் போனார்.

"முதல்ல இறுக்கு."

"இறுக்கவா?"

"துளி இறுக்கு. துரு உடையட்டும். அப்புறம் கழட்டு. கால் திருப்பு முன்னால, கால் திருப்பு பின்னால. கீச்சுன்னா நிறுத்திட்டு எண்ணெய் விடு."

ஒரு நட்டுக்கு முக்கால் மணி நேரம். வந்தது. ஹெட்டைத் தூக்கியதும் மூன்றாவது சிலிண்டரில் பிஸ்டன் பாதி வழியில் நிற்பது தெரிந்தது. அதற்கு மேலே சுவர் முழுக்கச் செங்கல் நிறத்தில் துரு. அந்தத் துருவை எண்ணெய் நனைத்த எமரி பேப்பரால் தேய்த்துத் தேய்த்து வழித்தெடுத்தோம். பிஸ்டன் மேலே ஏறும்போது அதில் மறுபடி மாட்டிக்கொள்ளக் கூடாது. துடைத்த தூசி ஒரு பருக்கை கூட உள்ளே தங்கக் கூடாது என்று மேஸ்திரி விரலால் தடவித் தடவிப் பார்த்தார். மறுபடி எண்ணெய் ஊற்றி ஒரு இரவு.

அந்த இரவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நாங்கள் சாலிஸ்கான் கதையைச் சொன்னோம். பாபாசாகேப் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் எழுதியது. 1929இல் அவர் சாலிஸ்கான் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். மகார் மக்கள் தங்கள் குடியிருப்புக்கு அழைத்துப்போகக் காத்திருக்கிறார்கள். குதிரை வண்டிக்காரர்கள் யாரும் ஒரு தீண்டத்தகாதவரை ஏற்றி ஓட்ட வரவில்லை. கடைசியில் வண்டி மட்டும் வாடகைக்குக் கிடைத்தது, ஓட்டுகிறவன் இல்லை. அங்கிருந்தவர்களில் ஒருவரே ஓட்டினார், அவருக்கு வண்டி ஓட்டிப் பழக்கமில்லை. பாலத்தில் வண்டிச் சக்கரம் ஓரக் கல்லில் மோதி பாபாசாகேப் கீழே எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. அப்போதே அவர் பாரிஸ்டர். சிறுவனாக 1901இல் கோரேகானுக்கு மாட்டு வண்டியில் போனபோதும் இதே கதைதான். வண்டிக்காரன் தீட்டுக்குப் பயந்து கூட நடந்து வர, இரட்டைக் கூலி கொடுத்துப் பிள்ளைகளே மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

இதைப் பல கூட்டங்களில் தீண்டாமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறோம். மேஸ்திரி வேறு இடத்தில் நின்றார்.

"ஓட்டத் தெரியாதவன் ஏன் ஏறினான்?"

"வேற யாரும் வரலையே மேஸ்திரி. அம்பேத்கர் நடந்து வர்றது அவங்களுக்கு கௌரவக் குறைச்சலாத் தெரிஞ்சிருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து, "அவன் மேல தப்பு இல்ல" என்றார். பிறகு, "ஆனா ஒருத்தனுக்காவது ஓட்டத் தெரிஞ்சிருக்கணும்."

வேன்காரர்கள் இருவரும் ஒரே இரவில் பழுது என்று சொன்னது எங்கள் எல்லார் நினைவிலும் வந்தது. 90 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது.

எட்டாம் நாள் காலை. மேஸ்திரி வேப்பங்கட்டை ஒன்றைப் பிஸ்டன் அளவுக்கு உருண்டையாகச் செதுக்கிக்கொண்டு வந்தார். அலுமினியப் பிஸ்டன், இரும்புச் சுத்தியல் நேராகப் பட்டால் குழி விழும், ஓட்டை கூட விழலாம். கட்டையைப் பிஸ்டன் மேல் வைத்து மரச்சுத்தியால் தட்டினார். அடி என்று சொல்ல முடியாது, கதவு தட்டுகிற அளவுதான். இன்னொருவர் நேராக்கிய ஹேண்டிலில் கையை வைத்துச் சும்மா அழுத்தம் கொடுத்தபடி நிற்க வேண்டும், இழுக்கக் கூடாது. பத்துத் தட்டு, சாக்பீஸ் கோட்டைப் பார். எண்ணெய் விடு. பத்துத் தட்டு. ஒன்பதரை மணியிலிருந்து பதினொன்றே கால் வரை இதுதான். ஹேண்டிலில் நின்ற தோழி முதலில் உணர்ந்தார். "மேஸ்திரி, ஏதோ போச்சு" என்றார் பயந்துபோய், உடைந்துவிட்டது என்று நினைத்து. கோடு ஒரு அரிசி அளவு நகர்ந்திருந்தது.

நாங்கள் கத்தினோம். மேஸ்திரி சத்தம் போடாதே என்று கையைக் காட்டினார். முன்னால் தள்ளப் போனவர்களைத் தடுத்து, வண்டியை டாப்பில் போட்டு வந்த வழியே திரும்பத் தள்ளச் சொன்னார். நகர்ந்த இடத்தில் துரு மாவு இருக்கும், அதை எண்ணெயோடு அரைத்து வெளியேற்றாமல் முன்னேறினால் மறுபடி பிடிக்கும். அரிசி அளவு முன்னால், அரிசி அளவு பின்னால். பிறகு விரல் அளவு. மதியம் சாப்பாட்டுக்கு முன் ஹேண்டில் முழுச் சுற்று சுற்றியது. ஒவ்வொருவரும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தோம். பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்த பிள்ளைகளும் வரிசையில் நின்று சுற்றினார்கள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூன்றாவது பிஸ்டனின் ரிங் இரண்டு உடைந்திருந்தது. புதுப்பேட்டையில் தேடி, நான்கு பிஸ்டனுக்கும் ரிங் செட்டும் ஹெட் கேஸ்கட்டும் வாங்கிவர ஒருவர் இரவு பஸ்ஸில் சென்னைக்குப் போனார். இந்த வண்டிகள் 2014 வரை வங்காளத்தில் உத்தரப்பாராவில் ஓடிக்கொண்டிருந்த தொழிற்சாலையில் வந்தவை, பார்ட்ஸ் இன்னும் கிடைக்கிறது. சம்ப் ஆயிலைத் திறந்தபோது முதலில் தண்ணீர்தான் வந்தது. சரியாகச் செய்வதென்றால் போர் போட வேண்டும், நாள் இல்லாததால் கையாலேயே தேய்த்து ரிங் மாற்றினார், ஒரு வருடம் ஓடும், நீலப் புகை கொஞ்சம் வரும் என்று முன்பே சொல்லிவிட்டார். பிரேக்கும் டயரும் தனிக் கதை, ரிங்கை விட அதற்குத்தான் செலவு. ஆர்.சி.யை வாத்தியார் சாவதற்கு முன் புதுப்பித்து வைத்திருந்தார், இன்சூரன்ஸ் மட்டும் புதிதாகப் போட்டோம்.

பத்தாம் நாள் சாயங்காலம் வண்டி ஸ்டார்ட் ஆனது. மேஸ்திரி முன் சீட்டில் உட்கார்ந்துதான் சாவியைத் திருப்பினார். கூலி 4,500 ரூபாய், துண்டுச் சீட்டில் கணக்கு எழுதிக் கொடுத்தார். நாங்கள் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "இயக்கத்துக்குன்னா வேணாம்னுடுவேன்னு நெனச்சீங்களா?" என்று சிரித்தார். உண்மையில் அப்படித்தான் நினைத்திருந்தோம். வெட்கமாக இருந்தது.

மாலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒருநாள் கற்றுத்தர முடியுமா என்று கேட்டோம். வருகிறேன் என்றார். "ஆனா பத்தாவது ஃபெயிலான பசங்களா பொறுக்கி அனுப்பாதீங்க. நல்லாப் படிக்கிறதையும் அனுப்புங்க. பாப்பாங்களையும் அனுப்புங்க. படிப்பு வராதவனுக்கு ஷெட்டுன்னு நாமளே எழுதி வெச்சா எப்படி?" இப்போது சனிக்கிழமைகளில் 14 பேர் போகிறார்கள். அதில் ஐந்து பெண் பிள்ளைகள், ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் முதல் மதிப்பெண் வாங்குகிறவள். டாப் கியர் கணக்கை அவள் எங்களுக்கே திருத்திச் சொன்னாள்.

வாய்தா அன்று காலை ஆறரைக்குக் கிளம்பினோம். ஓட்டியவர் ஹேண்டிலில் நின்ற தோழி, எங்களில் ஓட்டுநர் உரிமம் இருந்த ஒரே ஆள். வர மாட்டேன் என்று சொல்லியிருந்த அக்கா வாசலில் நின்று வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "வாத்தியார் காரா?" என்று கேட்டார். உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்து, முன் சீட்டில் ஏறிக்கொண்டார். பேருந்து நிறுத்தத்தில் வழக்கமான ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வண்டி அவர்களைத் தாண்டும்போது அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை, கண்ணாடியை மட்டும் ஏற்றப் பார்த்தார். அது ஏறவில்லை.

அன்றைக்கு ஒரு சாட்சியம் பதிவானது, அந்த அக்காவுடையது. குறுக்கு விசாரணை ஒன்றரை மணி நேரம் நடந்தது. மற்ற மூவருக்கும் வாய்தா. திரும்பும் வழியில் வண்டி ஒரு இடத்தில் சூடேறி நின்றது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி முக்கால் மணி நேரம் புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அக்கா கொண்டுவந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். அதன்பிறகு இதுவரை ஆறு தடவை போய்வந்துவிட்டது. நீலப் புகை வருகிறது.

சாயங்காலம் வண்டியை வேப்ப மரத்தடியில் நிறுத்தியபோது ஆயா திண்ணையில் காத்திருந்தார். என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்கினோம். கையமர்த்தினார்.

"வண்டி வந்துது, சத்தம் கேக்கலையே. ஹாரன் அடிக்கலையா?"

ஹாரன் வேலை செய்யவில்லை என்றோம். இத்தனை வேலையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"மொதல்ல அதைப் பாருங்க" என்றார் ஆயா.